மூக்குக்கும் வேலை வேண்டும்

வேட்டைக்கும் மேய்ச்சலுக்கும் என்று உருவான நாய்களை நீலகிரியிலும் பழனி மலையிலும் வளர்க்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி (கோத்தகிரி): எங்கள் ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயின்டருக்கு வயது பதினான்கு மாதம், எடை 27 கிலோ. தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடக்கக் கூட்டிப் போகிறோம். திரும்பி வந்த அரை மணியில் சோபாவைக் கிழிக்கிறது, பூந்தொட்டியைத் தோண்டுகிறது, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுந்து குரைக்கிறது. பைக்கோடு கட்டி நாலு கிலோமீட்டர் ஓட விட்டால் அடங்கிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். இந்த அளவு நாய்களுக்கு எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூடவே பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் ஆகும். அதற்குள் தார்ச்சாலையில், அதுவும் கோத்தகிரி இறக்கத்தில், ஒரே வேகத்தில் ஓட வைத்தால் முன்கால் தோளும் முழங்கையும் அடி வாங்கும். இன்னொரு காரணமும் உண்டு. இன்றைக்கு நாலு கிலோமீட்டரில் களைக்கிற நாய் அடுத்த மாதம் அதற்குப் பழகிவிடும், பிறகு ஆறு கேட்கும். அடங்காத நாயை நீங்களே ஓட்டப் பந்தய வீரனாக்கியிருப்பீர்கள். கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வரும்போது கயிறு எந்தப் பக்கம் இழுக்கும் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

இந்த இனம் எதற்காக உருவானது என்பதில்தான் விடை இருக்கிறது. துப்பாக்கிக்காரனுக்கு முன்னால் காற்றை எதிர்கொண்டு இடமும் வலமுமாக ஓடி, மூக்கால் பறவையைக் கண்டுபிடித்து, அசையாமல் நின்று காட்டி, விழுந்த பறவையை நீரிலிருந்தும் புதரிலிருந்தும் வாயில் கவ்விக்கொண்டு வருவது அதன் தொழில். நீங்கள் கயிற்றில் பிடித்து மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடக்கும்போது அதன் காலுக்கும் வேலை இல்லை, மூக்குக்கும் வேலை இல்லை. வீட்டுக்கு வந்ததும் சோபாவில் வேலையைத் தொடங்குகிறது.

மூக்குக்கு வேலை கொடுக்கும் முறை இது. முதல் வாரம் அதன் காலை உணவில் பாதியைத் தட்டில் வைக்காதீர்கள். வாசல் புல்லில் இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடத்தில் உலர் உணவு மணிகளைத் தூவி, "தேடு" என்று ஒரே ஒரு சொல் சொல்லி விடுங்கள். பத்து பதினைந்து நிமிடம் தலை நிமிராமல் மோப்பம் பிடிக்கும். இரண்டாம் வாரம் ஐந்தாறு அட்டைப் பெட்டிகளை வைத்து, இரண்டில் மட்டும் உணவை ஒளித்து வையுங்கள். மூன்றாம் வாரம் மோப்பத் தடம். பழைய காலுறைக்குள் கோழித்தோல் துண்டு ஒன்றைப் போட்டுக் கட்டி, புல்தரையில் இருபது மீட்டர் இழுத்துக்கொண்டு போய், கடைசியில் கொஞ்சம் கறியை வைத்துவிட்டு வேறு வழியாகத் திரும்பி வாருங்கள். பத்து நிமிடம் கழித்து நாயைத் தடத்தின் தொடக்கத்தில் விடுங்கள். சரியாகப் போனால் அடுத்தடுத்த நாட்களில் ஐம்பது மீட்டர், ஒரு திருப்பம், அரை மணி இடைவெளி என்று கடினமாக்கலாம்.

இதில் எல்லோரும் செய்கிற தவறு இரண்டு. தடம் போட்ட வழியிலேயே திரும்பி வந்தால் எது போகிற வழி, எது வருகிற வழி என்று நாய் குழம்பும். தவறான பக்கம் போனால் விரலை நீட்டிக் காட்டுவது அடுத்த தவறு. நாலு தடவை காட்டினால் மூக்கை விட்டுவிட்டு உங்கள் கையைப் பார்க்கப் பழகிவிடும்.

எடுத்து வருவதற்குக் கித்தான் துணிப்பை ஒன்றில் பழந்துணி அடைத்து, அரைக் கிலோவுக்குள் இருக்கும்படி தைத்துக்கொள்ளுங்கள். பந்தை வீசி வீசி ஓட விடுவதைவிட, அதை உட்கார வைத்துவிட்டு, பையைப் புதரில் மறைத்து வைத்து, ஒரு நிமிடம் காக்க வைத்துப் பிறகு அனுப்புவது பல மடங்கு களைப்புத் தரும். காத்திருப்பதுதான் இந்த நாய்க்குக் கடினமான வேலை.

நாள் முழுவதையும் இப்படிப் பிரிக்கலாம். காலை 40 நிமிடம் மண் பாதையில் நீளக் கயிற்றோடு தன் போக்கில் நடை. வந்ததும் புல்லில் உணவு தேடல். மதியம் இரண்டு மூன்று மணி நேரம் தன் படுக்கையில் சும்மா கிடக்கப் பழக்குதல். அதையும் கற்றுத்தான் கொடுக்க வேண்டும், தானாக வராது. மாலை இருட்டுவதற்குள் 40 நிமிடம், அதில் பத்து நிமிடம் துணிப்பை, பத்து நிமிடம் மோப்பத் தடம். மூன்று வாரம் விடாமல் செய்து பாருங்கள். ராத்திரிக் குரைப்பு மட்டும் நிற்காவிட்டால், வீட்டைச் சுற்றிக் காட்டுப்பன்றியோ கரடியோ வந்து போகிறதா என்று காலையில் மண்ணைப் பாருங்கள். கோத்தகிரியில் நாய் ராத்திரி குரைப்பதற்கெல்லாம் பயிற்சிக் குறை காரணம் என்று சொல்லிவிட முடியாது.

கேள்வி (குன்னூர்): பாயின்டர்தான், இரண்டு வயதுப் பெண். தேயிலைத் தோட்டத்தில் அவிழ்த்து விட்டால் ஏதோ வாசம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறது. ஒரு மணி, இரண்டு மணி கழித்துத்தான் வருகிறது. தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. தோட்டத்தில் காட்டெருமை நடமாட்டமும் இருக்கிறது.

பதில்: முதலில், பழக்கி முடிக்கிற வரை அவிழ்த்து விடுவதை நிறுத்துங்கள். காட்டெருமைக்கு எதிரில் போய் நின்று குரைத்துவிட்டு, அது துரத்தினால் உங்களிடம்தான் ஓடி வரும், பின்னாலேயே எருமையும் வரும்.

நீங்கள் இப்போது கூப்பிடும் சொல் செத்த சொல். நூறு தடவை கூப்பிட்டு நூறு தடவையும் வராமல் இருந்த சொல் நாயின் காதில் காற்றுச் சத்தம்தான். புதிதாக ஒரு விசில் வாங்குங்கள். மலைச்சரிவில் குரலைவிட விசில் தூரம் போகும், உங்கள் கோபமும் அதில் தெரியாது.

வீட்டுக்குள் தொடங்குங்கள். சாப்பாட்டுத் தட்டை வைக்கும் முன் இரண்டு குட்டை ஊதல். ஒரு வாரம் விசில் என்றால் சோறு, வேறு அர்த்தமே இல்லை. அடுத்த வாரம் வாசலில், அதன் கவனம் வேறெங்கோ இருக்கும்போது ஊதி, வந்ததும் வேகவைத்த கோழித்துண்டு நாலைந்தை ஒவ்வொன்றாகக் கொடுங்கள். மூன்றாம் வாரம் முதல் தோட்டத்தில் பத்து மீட்டர் தட்டை நைலான் பட்டையோடு. பட்டையைக் கழுத்தில் கட்டாதீர்கள். ஓடிப்போய் கடைசியில் சுண்டும்போது கழுத்து முறுக்கும், அதனால் மார்பைச் சுற்றும் ஹார்னஸில் மாட்டுங்கள். கையுறை போடாமல் பிடித்தால் உள்ளங்கை தோல் உரிந்துவிடும். ஒரு தடவை மட்டும் ஊதுங்கள். வராவிட்டால் மறுபடி ஊதாமல், பட்டையைக் கைக்குக் கை சுருட்டிக்கொண்டு நாயிடம் போய், திரும்பி நடந்து, பின்தொடர்ந்தால் துண்டைக் கொடுங்கள்.

கயிற்றில் பத்துக்கு ஒன்பது தடவை உடனே திரும்புகிற நிலை இரண்டு மாதம் நீடித்த பிறகே வேலி போட்ட இடத்தில் அவிழ்ப்பதை யோசிக்கலாம். வீட்டுக்குப் போகும் நேரத்தில் மட்டும் கூப்பிடாதீர்கள். நடுவில் பத்துத் தடவை கூப்பிட்டு, தின்னக் கொடுத்து, மறுபடி விடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து வந்த நாயை அடித்தால், வந்ததற்காக அடி விழுந்தது என்றுதான் அதற்குப் புரியும்.

ஜிபிஎஸ் பட்டையை நம்பலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். சிம் கார்டு போடும் வகை, செல்போன் டவர் எட்டாத பள்ளத்தில் ஊமையாகிவிடும். நாய் தொலைவதும் அந்தப் பள்ளத்தில்தான்.

கேள்வி (கொடைக்கானல் மேல்மலை): எங்கள் ஊரில் கேரட், பீன்ஸ் காட்டுக்குள் பன்றி இறங்குகிறது. கோம்பை நாய்க்குட்டி வாங்கி, பன்றியை விரட்டப் பழக்க நினைக்கிறேன். எத்தனை மாதத்தில் தொடங்கலாம்?

பதில்: தொடங்க வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பது கொல்வது மட்டுமல்ல. துரத்துவதும், விரட்டிப் பிடிப்பதும், கண்ணி வைப்பதும், அதற்கு முயல்வதும் அதில் அடங்கும். கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமும் உங்கள் காட்டை ஒட்டியே இருக்கிறது. வழக்கு நாயின் மேல் வராது, உங்கள் மேல் வரும்.

சட்டத்தை விடுங்கள், நாயைப் பாருங்கள். ஆண் பன்றியின் கோரைப்பல் கிழித்த காயம் வெளியே இரண்டு அங்குலம் தெரியும், உள்ளே தசைக்கு அடியில் ஒரு சாண் பை போலப் பிரிந்திருக்கும். வெளியே தைத்துவிட்டால் உள்ளே சீழ் வைக்கும். அப்படிக் காயம் பட்டால் கொதித்து ஆறிய உப்பு நீரால் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திக் கட்டி, டாக்டரிடம் கொண்டு போங்கள். மஞ்சள் பொடியை அடைக்காதீர்கள், அவர் உள்ளே பார்ப்பதற்கு அதைத்தான் முதலில் தோண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

கோம்பையை வேலிக்குள் காவலுக்கு வைத்துக்கொள்ளலாம். கம்பத்துப் பள்ளத்தாக்கின் ஊர்ப்பெயரைக் கொண்ட அந்த நாய், சத்தம் கேட்டால் குரைத்து எழுப்புவதில் கெட்டி. எழுந்து டார்ச் அடிப்பது உங்கள் வேலை.

பன்றிக்குக் கள்ளத்தனமாக வைக்கும் அவுட்டுக்காயை இங்கேயே சொல்லிவிடுகிறோம். உணவுப் பண்டத்துக்குள் வெடிமருந்து வைத்த அந்த உருண்டையை நாய் கடித்தால் தாடையே போய்விடும். எந்த இனமானாலும் "விடு" என்ற கட்டளையை நாலாம் மாதத்திலேயே பழக்குங்கள். மூடிய கைக்குள் கறித்துண்டு வைத்து நீட்டுங்கள். நக்கும், சுரண்டும், பேசாமல் இருங்கள். மூக்கை விலக்கிய நொடியில் மற்றக் கையிலிருந்து வேறு துண்டு. பிறகு திறந்த கை, பிறகு தரை, பிறகு நடக்கும் பாதை. தரையில் கிடப்பதை ஒருபோதும் தின்னக் கொடுக்காதீர்கள். பரிசு எப்போதும் கையிலிருந்துதான் வர வேண்டும். பாயின்டருக்குச் சொன்ன உணவு தேடலை வீட்டு வேலிக்குள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், "தேடு" என்ற சொல் இல்லாமல் தொடங்கவும் விடாதீர்கள்.

கேள்வி (ஊட்டி): 25 கிலோ வைமரனர் நாய். எவ்வளவு போட்டாலும் விலா எலும்பு தெரிகிறது. சோறும் கோழியும்தான் கொடுக்கிறோம். அளவு சொல்லுங்கள்.

பதில்: கடைசி இரண்டு விலா லேசாகத் தெரிந்து, இடுப்பு உள்வாங்கியிருந்தால் அது இந்த இனத்துக்குச் சரியான உடல். முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்தினால்தான் மெலிவு.

25 கிலோ நாய் சும்மா படுத்திருக்கவே நாளுக்குச் சுமார் 780 கலோரி செலவாகும். தினமும் இரண்டு மணி நேரம் ஓடியாடும் நாய்க்கு அதைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு, அதாவது 1,200 முதல் 1,550 வரை வேண்டும். வீட்டுச் சமையலில் ஒரு நாளைய கணக்கு: வெந்த சோறு 400 கிராம், எலும்பில்லாத வெந்த கோழி 300 கிராம், ஒரு முட்டை, வெந்த பூசணி அல்லது கேரட் 100 கிராம், சூரியகாந்தி எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. இது சுமார் 1,300 கலோரி. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடை பார்த்து, பத்து சதவீதம் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள். உறைபனி மாதங்களில் கொஞ்சம் கூடவே கேட்கும்.

இதில் இல்லாத பொருள் கால்சியம். சோறு, கறி இரண்டிலும் அது மிகக் குறைவு. முட்டை ஓட்டைக் கழுவிக் காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்து, நாளுக்கு முக்கால் தேக்கரண்டி சேருங்கள். வளரும் குட்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. குட்டிகளுக்கான உலர் உணவு கொடுப்பவர்கள் மேலே கால்சியம் டானிக் ஊற்றுவது எலும்பைக் கெடுக்கும். வாரம் இரண்டு நாள் 30 கிராம் ஈரல் சேர்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம். அயோடின், துத்தநாகம் போன்றவற்றுக்கு டாக்டரிடம் கேட்டுக் கலவைப் பொடி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வெங்காயம், பூண்டு போட்ட குழம்பை ஊற்றிப் பிசையாதீர்கள், இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வெந்த எலும்பு குத்தூசியாக உடையும்.

ஊட்டிக்காரர் என்பதால் சாக்லேட்டையும் சொல்ல வேண்டும். அதிலுள்ள தியோபுரோமின் நாயின் உடலில் மெதுவாகத்தான் கரையும். 25 கிலோ நாய்க்கு டார்க் சாக்லேட் 100 கிராம் போனாலே வாந்தி, படபடப்பு தொடங்கலாம். பால் சாக்லேட்டில் அதே விளைவுக்குக் கால் கிலோ வேண்டும். உலர்திராட்சை போட்ட வீட்டுச் சாக்லேட் என்றால் கணக்குப் பார்க்காமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், எந்த நாய்க்கு எவ்வளவில் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் வைமரனர் வைத்திருப்பவருக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது: வயிறு முறுக்கிக்கொள்வது. ஆழ்ந்த மார்புள்ள நாய்களில் இரைப்பை காற்றடைத்துத் தன்மேல் திரும்பிக்கொள்ளும். வாந்தி எடுக்க முயலும், நுரையைத் தவிர ஒன்றும் வராது. வயிறு விலாவுக்குப் பின்னால் உப்பி, தட்டினால் தம்பட்டம் போலச் சத்தம் வரும். நிற்கவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் அலையும், எச்சில் ஒழுகும். இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. சீரக நீர், சோடா என்று கடத்தும் ஒவ்வொரு மணியும் உயிரைக் குறைக்கும், அறுவைச் சிகிச்சைதான் வழி. இரவில் அந்த அறுவையைச் செய்யும் மருத்துவமனை உங்களுக்கு எட்டும் தூரத்தில் எது, மலையிறங்கிக் கோவைக்குத்தான் போக வேண்டுமா என்பதை இன்றைக்கே விசாரித்து எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். வராமல் தடுக்க, உணவை இரண்டு மூன்று வேளையாகப் பிரியுங்கள், அவசரமாக விழுங்குகிற நாய்க்குத் தட்டில் தடுப்புள்ள கிண்ணம் வையுங்கள், ஓட்டம் முடிந்து ஒரு மணி கழித்துச் சாப்பாடு, சாப்பாடு முடிந்து இரண்டு மணி கழித்து ஓட்டம்.

கேள்வி (கூடலூர்): மழைக்காலத்தில் அட்டை, வெயில் காலத்தில் உண்ணி. மாட்டுக்குப் போடும் ஊசியில் ஒரு மில்லி போட்டால் உண்ணி எல்லாம் உதிர்ந்துவிடும் என்கிறார்கள். எங்களுடையது பீகிள்.

பதில்: அந்த ஊசி ஐவர்மெக்டின். வழக்கமான ஒரு சதவீத மருந்தில் ஒரு மில்லி என்பது பத்து மில்லிகிராம், ஐம்பது கிலோ மாட்டுக்கு உரிய அளவு. பன்னிரண்டு கிலோ பீகிளுக்கு அது மாட்டின் அளவைப்போல் நாலு மடங்கு. கோலி இன நாய்களில் பலவற்றுக்கு இந்த மருந்தை மூளைக்குள் விடாமல் தடுக்கும் மரபணு பழுதாகியிருக்கும். அவற்றுக்கு மாட்டு அளவே தள்ளாட்டம், கண் தெரியாமை, மயக்கம் என்று போய் உயிரையும் எடுக்கும். முறிமருந்து கிடையாது. கலப்பின நாய்க்குள் கோலி இரத்தம் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்?

உண்ணிக்கு இப்போது வாய்வழி மாத்திரைகள் உள்ளன. அஃபாக்சோலானர் மாதம் ஒன்று, ஃபுளுராலானர் பன்னிரண்டு வாரத்துக்கு ஒன்று. வலிப்பு வந்த நாய் என்றால் டாக்டரிடம் அதைச் சொல்லிவிட்டே வாங்குங்கள். இவை உண்ணியை ஏற விடாமல் தடுப்பதில்லை. ஏறிக் கடித்த பிறகுதான் அது சாகும். அதனால் தோட்டத்திலிருந்து வந்ததும் காது மடல், விரலிடுக்கு, அக்குள், தொடையிடுக்கு நான்கையும் தடவிப் பாருங்கள். இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம். உண்ணிச்செடிப் புதரை வீட்டைச் சுற்றி வெட்டிவிடுவதும் நல்லது, பெயருக்காக மட்டும் சொல்லவில்லை, நாய் உரசிப் போகும் அடர்ந்த புதர் எதுவானாலும் உண்ணிக்கு ஏணிதான்.

உண்ணி கடித்த சில வாரங்களில் நாய் சோர்ந்து, 103 டிகிரிக்கு மேல் காய்ச்சல் அடித்து, ஈறு வெளுத்தால் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். சிறுநீர் காபி நிறத்தில் போனால் அன்றைக்கே. எர்லிக்கியா என்ற, உண்ணி பரப்பும் கிருமி என்றால் டாக்சிசைக்ளின் வழக்கமாக 28 நாள். ஐந்தாம் நாளே நாய் துள்ளும், அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்துவதால்தான் காய்ச்சல் திரும்புகிறது.

அட்டையைத் தீயால் சுடுவதும், மேலே உப்பைக் கொட்டுவதும் அது குடித்ததைக் காயத்துக்குள் கக்க வைக்கும். மெல்லிய முனையில் நகத்தைத் தோலோடு வைத்து நகர்த்தினால் பிடி விடும், பிறகு தடித்த முனை. இரத்தம் உறையாமல் கசியும், துணியால் பத்து நிமிடம் அழுத்துங்கள். புகையிலை நீரை நாயின் காலில் தடவாதீர்கள், நக்கினால் நஞ்சு. ஓடையில் தண்ணீர் குடித்த நாய் சில நாள் கழித்து ஒரே மூக்குத்துளையில் இரத்தம் விட்டுத் தும்மினால், உள்ளே நீர் அட்டை இருக்கலாம். நாயைச் சில மணி நேரம் தாகத்தோடு வைத்துவிட்டு மூக்கருகே ஒரு கிண்ணம் குளிர்ந்த நீரைப் பிடித்தால் அட்டை எட்டிப் பார்க்கும், துணியால் பிடித்து இழுக்கலாம். வழுக்கிக்கொண்டே இருந்தால் டாக்டரிடம் விடுங்கள்.

பீகிளின் தொங்கும் காது மழைக்காலத்தில் காயாது. வாரம் ஒரு முறை மடலைத் தூக்கி முகர்ந்து பாருங்கள், புளித்த வாசம் வந்தால் பூஞ்சை. பஞ்சுக் குச்சியை உள்ளே விடாதீர்கள்.

கேள்வி (மன்னவனூர்): செம்மறி ஆடு மேய்க்க பார்டர் கோலி வாங்கினோம், ஏழு மாதம். ஆட்டை விட்டுவிட்டு பைக்கைத் துரத்துகிறது. ஆட்டிடம் விட்டால் காலைக் கடிக்கிறது.

பதில்: ஏழு மாதத்தில் மந்தைக்குள் விட்டது சீக்கிரம். எட்டு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள், ஆட்டைச் சுற்றி ஓடிப் போகும் வேகம் அதன் காலில் வந்த பிறகு தொடங்குங்கள். அதற்கு முன் "நில்" என்றால் எங்கே இருந்தாலும் நிற்க வேண்டும். பிறகு பட்டிக்குள் நாயைப் பார்த்து மிரளாத ஐந்து ஆடுகள், பத்து மீட்டர் பட்டை, பத்தே நிமிடம். நீங்கள் ஆட்டின் ஒரு பக்கம் நின்றால் நாய் தானாக எதிர்ப்பக்கம் போகும். ஆட்டை உங்களிடம் கொண்டுவருவது அதன் பிறவிக் குணம், நீங்கள் நகர்ந்தால் அதுவும் சுற்றும். அந்த வட்டம் சிறுத்து ஆட்டை ஒட்டி வந்தால்தான் கடி விழும். கையிலுள்ள கோலைத் தரையில் நீட்டி வட்டத்தை அகலமாக்குங்கள். திசைக்குச் சொல் வைக்கும்போது "இடம்", "வலம்" வேண்டாம், இரண்டும் ஒரே மாதிரி முடிகிறது, காற்றில் நாய்க்குப் பிரியாது. கடிகாரச் சுற்றுக்கு "சுத்து", எதிர்ச்சுற்றுக்கு "போ" என்று ஓசையே வேறான சொற்களாக வையுங்கள்.

பைக்கைத் துரத்தும்போதெல்லாம் பைக் ஓடிப்போகிறது, ஜெயித்துவிட்டோம் என்று நாய் நினைக்கிறது. சாலை தெரியும் மேட்டில் ஐம்பது மீட்டர் தள்ளிக் கயிற்றோடு உட்காருங்கள். பைக் சத்தம் கேட்டதும், நாய் விறைக்கும் முன்பே, தின்னக் கொடுங்கள். உங்களைத் திரும்பிப் பார்க்கப் பழகிய பிறகு வாரத்துக்கு ஐந்து மீட்டராக நெருங்குங்கள்.

ஆடு வைத்திருப்பதால் ஒரு எச்சரிக்கை. அறுத்த ஆட்டின் ஈரல், நுரையீரலை நாய்க்குப் பச்சையாகப் போடாதீர்கள். அதிலுள்ள நீர்க்கட்டிகளிலிருந்து நாயின் குடலில் சிறிய நாடாப்புழு வளரும். அதன் முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனால் ஈரலில் கட்டி வளரும். பிராசிகுவான்டெல் மாத்திரையை டாக்டர் சொல்லும் அளவில் ஆறு வாரத்துக்கு ஒரு முறை கொடுங்கள். கழிவை ஆழமாகப் புதையுங்கள்.

கேள்வி (தலைகுந்தா): நாலு மாத ராஜபாளையம், வெள்ளை. கூப்பிட்டால் சில சமயம் வருகிறது, சில சமயம் காதிலேயே விழாதது போல் இருக்கிறது. குளிரில் நடுங்குகிறது, ராத்திரி கரி அடுப்பு வைக்கலாமா?

பதில்: காதில் விழாதது போல் இல்லை, விழாமலே இருக்கலாம். நிறமற்ற வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு உண்டு, ராஜபாளையத்தில் அது தெரிந்த குறை. குட்டி தூங்கும்போது, தரை அதிராமல், காற்றும் மேலே படாமல் பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். ஒரு காது மட்டும் கேட்கும் நாய் விழித்துக்கொள்ளும், ஆனால் சத்தம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் தேடும். செவிடாக இருந்தால் கைச்சைகையில் பழக்கலாம், நன்றாகவே கற்கும். ஆனால் வேலியில்லாத இடத்தில் ஆயுளுக்கும் கயிறு வேண்டும், அதைக் குட்டி ஈனவும் விடக் கூடாது.

கரி அடுப்பு கூடவே கூடாது. மூடிய அறையில் கரிப்புகையின் கார்பன் மோனாக்சைடு நாயையும் கொல்லும், அதே அறையில் தூங்கும் உங்களையும் கொல்லும். ராஜபாளையமும் கன்னியும் சிப்பிப்பாறையும் வெயில் பூமிக்காரர்கள். மெல்லிய ரோமம், தோலுக்கடியில் கொழுப்பில்லை. உறைபனி விழும் தலைகுந்தாவில் ராத்திரி வீட்டுக்குள்தான் அவற்றுக்கு இடம். பகலில் கூண்டு வேண்டுமென்றால், வளர்ந்த நாய்க்கு உள்நீளம் 120, அகலம் 75, உயரம் 90 சென்டிமீட்டர் போதும். பெரிதாகக் கட்டினால் உடம்புச் சூட்டில் உள்ளே வெப்பம் நிற்காது. தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் தூக்கி, வாசலை நடுவில் வைக்காமல் ஓரத்தில் வையுங்கள், காற்று நேராக உள்ளே அடிக்காது. சாக்கு ஈரத்தைக் குடித்துக்கொண்டு காயாது. உலர்ந்த வைக்கோலைப் போட்டு வாரம் ஒரு முறை மாற்றுங்கள்.

கேள்வி (குன்னூர்): ராத்திரி வாசலில் கட்டிப்போட்ட நாயைச் சிறுத்தை தூக்குகிறது. முள் பட்டை போட்டால் போதுமா?

பதில்: போதாது. சங்கிலியில் கட்டிய நாய் ஓடவும் முடியாது, மறையவும் முடியாது. சிறுத்தைக்கு அது வைத்த இரை. பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை வீட்டுக்குள், அல்லது நாலு பக்கமும் மேலேயும் கம்பி வலை அடித்த, தரை சிமென்ட் போட்ட கூண்டுக்குள். மேலே திறந்த கூண்டு வேலியைவிட மோசம், உள்ளே குதித்த சிறுத்தையிடமிருந்து நாய்க்குத் தப்ப வழியே இருக்காது. மாலை நடையை ஐந்தரைக்குள் முடித்துவிடுங்கள்.

கேள்வி (குன்னூர்): வெறிநாய்க்கடி ஊசி வருடா வருடம் அவசியமா? எங்கள் நாய் எஸ்டேட்டை விட்டு வெளியே போவதில்லை.

பதில்: வெறிநாய்க்கடிச் சிகிச்சைக்கென்றே தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் இயங்கும் ஊரிலிருந்தே இந்தக் கேள்வி! அவசியம். எஸ்டேட்டுக்குள் தெருநாய் வராதா, நரி வராதா? மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு டாக்டர் சொல்லும் தவணையில். ஊசி போட்ட நாயை இன்னொரு நாயோ காட்டு விலங்கோ கடித்தாலும் மறுபடி ஊசி உண்டு. உங்களைக் கடித்தால் சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எலிக்காய்ச்சல் தடுப்பூசியையும் விடாதீர்கள், ஈரமான தோட்டத்தில் எலிச் சிறுநீர் கலந்த குட்டை நீரைக் குடிக்காத நாய் கிடையாது.

கேள்வி (ஊட்டி): பயிற்சிக்குப் பரிசாக வர்க்கி கொடுக்கிறோம், நன்றாகச் சாப்பிடுகிறது. தொடரலாமா?

பதில்: நன்றாகத்தான் சாப்பிடும், மைதாவும் கொழுப்பும் யாருக்குப் பிடிக்காது? நாளுக்கு முப்பது நாற்பது தடவை பரிசு கொடுக்கும் பயிற்சிக்கு அது ஆகாது, கணையம் வீங்கும். பட்டாணி அளவு வெந்த கோழித்துண்டோ கேரட்டோ போதும். பொறைக்கும் இதே பதில்தான்.